‘அலறு’வுக்கு ஒரு நளின ஓய்வு

நிம்மதியான தூக்கத்தின் விலை ஒரு பழைய கணினியும் இரண்டு சட்டைகளும். குளிர்கிடங்குக்காரர் அந்த விலைக்குத்தான் அதை வாங்கினார். கணினி வீட்டில் சும்மா கிடந்தது. சட்டைகள் மைத்துனனுக்குக் கொடுத்த கூலி. கடைத்தெருவில் அவரைவிடப் பெரிய கைகளெல்லாம் மாத்திரையை விழுங்கிவிட்டு விட்டத்தைப் பார்த்துக் கிடக்க, இவர் மட்டும் தலையணையில் தலை படுவதற்குள் குறட்டை விட்டார். அந்தச் சரக்கை அதைவிட மலிவாக யாரும் கொள்முதல் செய்ததில்லை.

கிடங்கில் இருந்ததெல்லாம் ஊரார் பொருள். பால்பண்ணைக்காரரின் வெண்ணெய், மீன் வியாபாரிகளின் பெட்டிகள், ஐஸ்கிரீம்காரரின் வாளிகள். இவருக்குச் சொந்தமானது குளிர் மட்டும்தான். அதைத்தான் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குளிரைச் செய்கிற கம்ப்ரஸருக்கோ மாப்பிள்ளை முறுக்கு. கரண்ட் ஒருதரம் போய் வந்தால் போதும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். யாராவது நேரில் போய்ப் பொத்தானை அமுக்கித் தாஜா செய்தால்தான் மறுபடி ஓடும். வீடு கிடங்குக்கு மேல்மாடியில். கம்ப்ரஸர் நின்றால் மாடிக்குத் தெரியாது.

அதற்குத்தான் மைத்துனன் ஒரு வழி செய்து கொடுத்தான். கிடங்கின் வெப்பமானியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, மாடியில் இன்வெர்ட்டரில் ஓடும் படுக்கையறைக் கணினியில் சேர்த்தான். கணினியில் இணைய உலாவி திறந்திருக்கும். உலாவியில் அவன் எழுதிய பக்கம் திறந்திருக்கும். சூடு ஏறினால் பக்கம் உலாவியிடம் ஒரே ஒரு சொல் சொல்லும்: ‘அலறு’. உடனே உலாவி, வாலை மிதித்த வாத்துபோல அலறும். பக்கம் ஏவ, உலாவி செய்கிற இப்படிப்பட்ட ஏவல்களுக்குத் தொழில்காரர்கள் ஏபிஐ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘அலறு’ அவற்றில் மிகப் பழையது. ஏன் என்று கேட்காது, எதற்கு என்று கேட்காது. நல்ல வேலைக்காரன். அதனால்தான் அதன்மேல் கண் விழுந்தது.

ஒருநாள் காலை அந்தப் பக்கத்தின் தலையில் மஞ்சள் பட்டை ஒன்று தோன்றியது. ‘அன்புள்ள பயனரே, நம் அனைவரின் நேசத்துக்குரிய அலறு, தன் வாழ்க்கைப் பயணத்தின் நிறைவான கட்டத்தை நெருங்குகிறது. இந்த மகிழ்ச்சியை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.’

கிடங்குக்காரர் இரண்டுதரம் படித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். “யாரோ போய்ட்டாங்க போலிருக்கு. ஆனா சந்தோஷமா எழுதியிருக்கான்.”

மைத்துனன் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். “அலறுவத் தூக்கப் போறாங்க மாமா. கேக்காம கொள்ளாம சத்தம் போடுறது அநாகரிகமாம். இனிமே புதுசு வருது.”

“புதுசு என்ன பண்ணும்?”

“ஓரத்துல சின்னதா ஒரு பெட்டி வரும். ‘ஒலி எழுப்பலாமா?’ன்னு கேக்கும். நீங்க ‘ஆம்’னு அமுக்கினா அலறும்.”

“யாரு அமுக்கணும்?”

“முழிச்சிட்டு இருக்கறவங்க.”

“முழிச்சிட்டு இருக்கறவனை எதுக்குடா எழுப்பணும்?”

“அத அவங்கதான் சொல்லணும்.”

“அப்ப அவங்களையே கேளுங்க,” என்றாள் மனைவி. “பட்டைக்குக் கீழ புகார்னு போட்டிருக்கே. ஊரான் வெண்ணெய்க்கு நாளைக்கு நாமதான் பதில் சொல்லணும்.”

மைத்துனன் புகாரைத் தட்டி அனுப்பினான். கிடங்குக்காரர் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் தொலைபேசி அடித்தது. பஞ்சில் பொதிந்த குரல் ஒன்று பேசியது.

“வணக்கம் சார். உங்க வேதனை எங்களுக்கு வந்து சேர்ந்துச்சு. நாங்க உங்க கூடவே இருக்கோம்.”

“சரிங்க. என்ன செய்யப் போறீங்க?”

“கூடவே இருப்போம் சார்.”

இப்படிக் கொஞ்ச நேரம் கூடவே இருந்துவிட்டு, அந்தக் குரல் விஷயத்துக்கு வந்தது. ஒரு ஏபிஐக்கு ஓய்வு கொடுக்கும் குழுவில், அதனால் பாதிக்கப்பட்டவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதியாம். குழு ஆரம்பித்து வருஷக்கணக்காகியும் ஒருவரும் கிடைக்கவில்லையாம். கிடங்குக்காரர்தான் முதல் வரவாம். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டால் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள் என்றே தோன்றும்.

ஆறு மாத அவகாசம் கேட்டு நான்கு மாதத்துக்கு முடிக்கலாம் என்று மனதுக்குள் விலை போட்டுக்கொண்டு அவர் புறப்பட்டார்.

உலாவி நிறுவனத்தின் வாசலில் கைபேசியை ஒரு பையில் போடச் சொன்னார்கள். கூட்டம் முடிந்தால்தான் பை திரும்பும். உள்ளே கணுக்கால் புதையும் கம்பளம். காபிக் கோப்பைகளின் அடியில் வட்டமாகத் துணி ஒட்டியிருந்தது, மேஜையில் வைத்தால் சத்தம் வரக்கூடாது என்று. சத்தமில்லாமல் எதையாவது உடைக்க வேண்டுமென்றால் அதைவிட வசதியான அறை கிடையாது.

குழுவின் பெயர் நளின ஓய்வுக் குழு. மூன்று பேர் எழுந்து நின்று வரவேற்றார்கள். நடுவில் தலைவி. வலப்பக்கம் அளவையாளர்: எந்த ஏபிஐயை உலகில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று அளப்பவர். இடப்பக்கம் சொல்லாளர்: கடுமையான சொல் எதுவும் குழுவின் வாயிலிருந்து வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்பவர். காவலுக்கு ஆள் வைத்த வாய்கள் அவை.

“அலறுவ எப்பங்க நீக்கப் போறீங்க?” என்று கிடங்குக்காரர் ஆரம்பித்தார்.

சொல்லாளர் மெல்ல இருமினார். “அந்தச் சொல் இங்க இல்ல சார்.”

“எந்தச் சொல்?”

“நீங்க கடைசிக்கு முன்னாடி சொன்னது.”

தலைவி கையமர்த்தினாள். “நாங்க எதையும் நீக்குறதில்ல சார். அது இல்லாத நிலைக்கு உலகத்தைப் பழக்குறோம். ஏழு கட்டம் இருக்கு. முதல்ல ஜாடையா சொல்லுவோம். அப்புறம் வருத்தப்படுவோம். அப்புறம் மத்தவங்க வருத்தப்பட வாய்ப்புக் குடுப்போம். இதுக்கே எங்க இளமையெல்லாம் போயிருக்கு. நான் இந்தக் குழுவுக்கு வந்தப்ப என் பொண்ணு நடக்கப் பழகிட்டிருந்தா. இப்ப காலேஜ் போறா. நாங்க இன்னும் ஒண்ணைக்கூட எடுக்கல. அவ்வளவு நளினமா செய்யறோம்.”

“எங்களுக்கு முன்னால மூணாவது மாடியில ஒரு குழு,” என்றார் அளவையாளர், குரலில் பொறாமை கலந்த மரியாதையுடன். “எழுத்து மினுக்கற ஏபிஐக்கு ஓய்வு குடுக்க உக்காந்தாங்க. அந்த ஏபிஐ தானாவே செத்துப் போச்சு. குழு இன்னும் இருக்கு.”

“தானாவே ஓய்வெடுத்துக்கிச்சு,” என்று திருத்தினார் சொல்லாளர்.

கிடங்குக்காரர் தன் விலையைச் சொன்னார். “ஆறு மாசம் குடுங்க. அதுக்குள்ள வேற ஏதாவது பாத்துக்கறேன்.”

“நாங்க மாசத்துல அளக்கறதில்ல சார். கட்டத்துலதான்.”

“அப்ப ரெண்டு கட்டம் குடுங்க.”

“கட்டம் எங்களுக்கு. உங்களுக்கு இல்ல.”

பேரத்தில் அவர் கை இப்படி வெறுமையாய்த் திரும்பியதில்லை. வேறு பக்கமாய் இறங்கினார். “சரி, யாருக்குமே விதிவிலக்கு கிடையாதா?”

“உண்டே,” என்றாள் தலைவி. “மரபுரிமை அனுமதின்னு ஒண்ணு இருக்கு. ஒரு பெரிய வங்கிக்குக் குடுத்திருக்கோம். ஒரு விமானக் கம்பெனிக்கும். அவங்க கேக்கக்கூட இல்ல. கேக்க வெச்சுச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு நாங்களே குடுத்துட்டோம்.”

“அதுல ஒண்ணு எனக்கும் குடுங்க.”

அளவையாளர் உற்சாகமாக நிமிர்ந்தார். “உங்க பக்கத்தை தினமும் எத்தனை பேர் பாக்கறாங்க சார்?”

“நான். அப்புறம் என் வீட்டம்மா.”

அளவையாளர் ஒரு வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். “அப்ப நீங்க இதுல வர மாட்டீங்க. இந்தக் கோட்டோட தடிமனுக்குள்ள இருக்கீங்க.”

“கோட்டுக்குள்ள இருந்துக்கறேன். அங்கயே விட்டுடுங்க.”

“கோட்டையே எடுத்துடப் போறோம் சார்.”

அவர் முகம் வாடியதைத் தலைவி கவனித்தாள். அவளுக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது; அதற்குத் தனியாக விதியே வைத்திருந்தாள். அடுத்த அறைக்கு அழைத்துப்போய் ஒரு திரையைக் காட்டினாள். “இது எங்க புகார் மணி. உலகத்துல எந்த மூலையிலேர்ந்து புகார் வந்தாலும் இது அடிக்கும். ராத்திரின்னா அன்னைக்கு முறை யாருக்கோ அவங்க வீட்டுல அடிக்கும். எந்த நேரமானாலும் எழுந்து, புகார் குடுத்தவங்களை உடனே கூப்பிட்டு ஆறுதல் சொல்லணும். நானும் முறை போட்டுக்கிட்டுதான் செய்யறேன். இன்னொரு விதியும் இருக்கு. ஒரே ஒரு புகார் வந்தாலும் ஒத்திகையை அந்த நிமிஷமே நிறுத்திடுவோம்.”

“என்ன ஒத்திகை?”

“மௌன ஒத்திகை. ஒருநாள் முழுக்க உலகம் பூரா அலறுவ நிறுத்தி வெச்சுப் பாப்போம். யார் குறை சொல்றாங்கன்னு எண்ணுவோம். அடுத்த வாரம்னு அறிவிச்சிருந்தோம்.”

“நல்லவேளை. அன்னைக்கு வீட்டம்மாவ வெப்பமானி பக்கத்துலயே உக்கார வெச்சுடறேன்.”

“அங்கதான் சார் சிக்கல். முன்னாடியே தெரிஞ்சா எல்லாரும் உங்களை மாதிரி தயாராயிடறாங்க. இயல்பா இருக்காது. அதனால இன்னைக்குக் காலையிலேயே ஆரம்பிச்சுட்டோம்.”

கிடங்குக்காரர் வாசல் பக்கம் திரும்பினார். மாடியில் மனைவி, அலறல் வரவில்லை என்ற தைரியத்தில் இருப்பாள். மதியம் அந்தப் பகுதியில் கரண்ட் போவது வழக்கம். “என் போனைக் குடுங்க. வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன்.”

“கூட்டம் முடிஞ்சதும் பை வந்துடும்.”

“கூட்டம் எப்ப முடியும்?”

“ஒத்திகை முடிஞ்சதும்.”

அவருக்கு மூளை வேலை செய்தது. “ஒரு புகார் வந்தா நிறுத்திடுவீங்கதானே? இதோ நான் புகார் சொல்றேன். நிறுத்துங்க.”

“வாயால சொன்னா கருத்து,” என்றார் சொல்லாளர். “புகார்ப் பக்கத்துல எழுதி வந்தாதான் புகார்.”

ஒரு கணினியைக் காட்டினார்கள். கிடங்குக்காரர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார்: ‘என் கிடங்கில் ஊரார் சரக்கு இருக்கிறது. உடனே நிறுத்தவும்.’ அனுப்பினார். நால்வரும் புகார் மணியைப் பார்த்தபடி நின்றார்கள். அறையில் காற்று ஓடும் ஓசை மட்டும் கேட்டது.

“வரல சார்,” என்றாள் தலைவி.

“இப்பத்தானே உங்க கண்ணு முன்னாடி அனுப்பினேன்.”

“அனுப்பினது உண்மை. வரலங்கறதும் உண்மை. ரெண்டையும் நாங்க மதிக்கறோம்.”

இன்னொருதரம் அனுப்பினார். மணி மூச்சு விடவில்லை. மூன்றாம்தரம் அனுப்பியபோது தலைவியின் கண்கள் கலங்கியிருந்தன. “காலையிலேர்ந்து ஒண்ணுகூட வரல. பாருங்க, இத்தனை வருஷம் பயந்தோம். உலகமே ஒத்துக்கிச்சு. சத்தமில்லாம.” சொல்லாளர் அவளிடம் காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

அளவையாளர் மட்டும் மணியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ தட்டினார். காதோரம் சிவந்தது.

“மேடம்.”

“சொல்லுங்க.”

“இந்த மணி ஒரு பக்கம்தானே. இதை அடிக்க வெக்கறதும் அலறுதான்.”

அளவையாளர் திரையின் ஓரத்தை விரலால் காட்டினார்.

“வந்திருக்கு மேடம். நிறைய. எண்ணிக்கை இங்க ஓரத்துல இருக்கு. இதைத் திறந்து யாரும் பாக்கறதில்ல, மணி அடிச்சாதான் பாப்போம்.”

தலைவி ஒரு கணம்தான் தடுமாறினாள். நெடுங்காலம் குழுவில் உட்கார்ந்தவர்களுக்குத் தரை நழுவினாலும் நாற்காலி நழுவாது. “அப்படின்னா,” என்று நிதானமாகச் சொன்னாள், “அலறு போனா அதிகமா பாதிக்கப்படறது இந்த மணிதான். அதுவே ஒரு புகாரும் சொல்லாம ஏத்துக்கிச்சு. இதைவிடப் பெரிய சான்று என்ன வேணும்?”

“எழுதிக்கறேன்,” என்றார் சொல்லாளர்.

“ஆனா மணி இல்லாம புகார் வருதா இல்லையான்னு நமக்குத் தெரியாது. மணிக்கு மரபுரிமை அனுமதி குடுத்துடலாம். எல்லாருக்கும் சம்மதமா?”

கைகள் உயர்ந்தன. ஆறு மாதம் கேட்டவருக்கு ஒரு நிமிடம் கிடைக்காத இடத்தில், கேட்காத மணிக்கு ஆயுள் முழுதும் கிடைத்தது. அனுமதி கிடைத்த மாத்திரத்தில் மணி, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அலறத் தொடங்கியது. கம்பளமும் துணி ஒட்டிய கோப்பைகளும் நடுங்கின. காதைப் பொத்திக்கொண்டு ஒத்திகையை நிறுத்தினார்கள். கிடங்குக்காரர் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டபோது மனைவியின் குரல் அமைதியாக இருந்தது. அந்த அமைதியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

“அலறவே இல்லைங்க. சரி, எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு கொஞ்சம் கண்ணயர்ந்தேன். கரண்ட் போய் வந்திருக்கு. கடைசியில வெண்ணெயே கதவிடுக்கு வழியா வெளிய வந்துதான் தெரிஞ்சது.”

மீன் பெட்டிகளில் ஐஸ் இருந்ததால் மீன் தப்பியது. ஐஸ்கிரீம்காரர் வாளிகளை முதல்நாளே எடுத்துப் போயிருந்தார். வெண்ணெய் மட்டும் போயிற்று, நாற்பது கட்டி. கதவருகே அடுக்கியிருந்தது. பால்பண்ணைக்காரர் வந்து கிடங்குத் தரையைப் பார்த்தார், கிடங்குக்காரரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறினார். திட்டியிருந்தால் தேவலை. கிடங்குக்காரர் அன்றே வேறு இடத்தில் நாற்பது கட்டி வாங்கி அவர் வீட்டில் இறக்கினார்.

கொஞ்ச நாளில் குழுவிடமிருந்து விழா அழைப்பு வந்தது. ‘அலறு’ நளினமாக ஓய்வு பெற்றுவிட்டதாம். போகவே கூடாது என்றார் கிடங்குக்காரர். “போங்க,” என்றாள் மனைவி. “நம்ம வெண்ணெய்ல வெச்ச விழா. பாத்துட்டாவது வாங்க.”

மேடையில் தலைவி பேசினாள். “ஓய்வு அறிவிச்சதும் உலகம் பூராவும் மரபுரிமை அனுமதி கேட்டாங்க. யார் மனசும் நோகக்கூடாதுன்னு கேட்டவங்க எல்லாருக்கும் குடுத்துட்டோம். அதுக்காக நாங்க தோத்துட்டோம்னு நினைக்கக் கூடாது. அனுமதி வாங்காம அலறுவ முழுசா கைவிட்ட பக்கம்னு ஒண்ணு இருக்கு.” கிடங்குக்காரரை மேடைக்கு அழைத்து ஒரு கேடயம் கொடுத்தாள். அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்ற செய்தி, குழு உறுப்பினருக்கு அனுப்ப வேண்டியதில்லை என்பதால், உறுப்பினரான அவருக்கு மட்டும் போகவில்லை.

“அலறுவோட பயன்பாடு இப்ப முன்னைவிட அதிகம்,” என்றார் அளவையாளர். “அனுமதி வாங்கினது வீணாகக் கூடாதுன்னு புதுசாவும் சேக்கறாங்க.”

“ரெண்டு வார்த்தை பேசுங்க சார்,” என்றாள் தலைவி.

கிடங்குக்காரர் ஒலிவாங்கியைப் பார்த்தார். “புகார் மணி இன்னும் அடிக்குதுங்களா?”

“நல்லா அடிக்குது சார். முறை போட்டு எழுந்துக்கறோம்.”

“சந்தோஷம்,” என்று சொல்லிவிட்டு இறங்கினார். மேடையில் எல்லோரும் அதை நன்றியுரை என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள். வியாபாரி சந்தோஷம் என்று சொன்னால் பையைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் மைத்துனனைக் கூப்பிட்டார். “டேய், சூடு ஏறினா நம்ம பக்கம் அலறக் கூடாது, அவ்வளவுதானே. வேற ஏதாவது அனுப்பலாமா?”

“என்ன வேணாலும் அனுப்பலாம் மாமா.”

“புகார்?”

மைத்துனன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தான். “ரெண்டு சட்டை மாமா.”

“ஒண்ணு.”

“ரெண்டு. முழுக்கை.”

“சரிடா.”

இப்போது கிடங்கில் சூடு ஏறினால், படுக்கையறையில் ஓசை எதுவும் இல்லை. பக்கம் சத்தமில்லாமல் ஒரு புகாரை அனுப்பிவிடுகிறது: ‘வேதனை தாங்கவில்லை.’ ஊரின் மறுகோடியில், முறைக்காரர் வீட்டில் புகார் மணி வாத்துபோல் அலறுகிறது. அவர் விழுந்தடித்து எழுந்து, விதிப்படி, உடனே தொலைபேசியில் கூப்பிடுகிறார். கிடங்குக்காரரின் தலைமாட்டில் தொலைபேசி அடிக்கிறது. போன வாரம் தலைவியின் முறை.

“வணக்கம் சார். உங்க வேதனை எங்களுக்கு வந்து சேர்ந்துச்சு. நாங்க உங்க கூடவே...”

“தெரியும் மேடம். ரொம்ப நன்றி. வெச்சுடுங்க, கம்ப்ரஸரப் பாக்கணும்.”

அவருடைய புகாரைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. மணிக்கு ஓய்வு கொடுக்கலாம். அதற்கு ஏழு கட்டம் இருக்கிறது. குழு அமைத்துவிட்டார்கள். இப்போதைக்கு ஜாடையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குழுவில், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில், கிடங்குக்காரரும் உறுப்பினர். கூட்டம் வைத்தால் போய் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் நளினமாகச் செய்யலாமே என்று சொல்லிவிட்டு வருகிறார்.

கணக்கு இதுதான். மைத்துனனுக்குச் சட்டைகள் மொத்தம் நான்கு, கொடுத்தாயிற்று. தூக்கம் திரும்பி வந்தாயிற்று. கேடயம் கிடங்குக் கதவு திறந்துகொள்ளாமலிருக்க முட்டாக நிற்கிறது. வெண்ணெய் நாற்பது கட்டி குழுவின் பேரில் பற்று. ஒரு ஆறுதல் அழைப்புக்கு ஒரு கட்டி என்று அவரே விலை நிர்ணயித்துக் கழித்து வருகிறார். இதுவரை ஒன்பது கழிந்தது. பாக்கி முப்பத்தொன்று.